புதன்கிழமை ஏழு மணி சீட்

டெய்லரம்மாவுக்கு எதையும் பேப்பரில் வரைந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பள்ளிக்கூடச் சட்டையோ ஆஸ்பத்திரித் திரைச்சீலையோ, முதலில் பிரவுன் பேப்பரை மேஜையில் விரிப்பாள். நாலு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை வைத்து அழுத்தி, சாக்கால் கோடு போட ஆரம்பித்துவிடுவாள். துணி இழுத்தால் நீளும், நனைத்தால் சுருங்கும், பேப்பர் அப்படி ஏமாற்றாது என்பது அவள் கட்சி. வெட்டும் பேட்டர்னையும் இரண்டு பிரதியாகத்தான் வெட்டுவாள். ஒன்று ஆணியில் தொங்கும், இன்னொன்று அலமாரிக்குள் போகும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. முப்பது வருஷத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே தீவுக்குப் போய் ஒரு வாரம் ஓய்வெடுப்பது என்று முடிவானதும் அவள் பிரவுன் பேப்பரைத்தான் விரித்தாள். செவ்வாயில் தொடங்கித் திங்கள்வரை ஏழு கட்டம் போட்டாள். கணவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எதற்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஏழு கட்டம் என்ன, எழுபது கட்டம் போடவும் அவள் தயார்.

அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். இருபத்தாறு வருஷம் கட்டிடம் கட்டிடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்த்தவர். வேலையில் கெட்டி, ஆனால் பேச்சில் சாமர்த்தியம் போதாது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாமா?" என்று ஆசையோடு கேட்கும் கட்டிட முதலாளியிடம், "இதுக்கு இனிமே கயிறு மாத்திப் பிரயோஜனம் இல்ல, நிறுத்திடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அதனாலேயே பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. நாலு வருஷத்துக்கு முன்பு அவருடைய இரண்டு சிறுநீரகமும் ஒன்றாகக் கைவிரித்தன. டெய்லரம்மா தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் மல்லுக்கு நின்று பார்த்தாள். அவருடைய இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வீட்டில் மிஷின் என்றால் அதுவரை தையல் மிஷின். அதற்குப் பிறகு மிஷின் என்றால் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷின். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி, ஆறாம் நம்பர் படுக்கை. நாலு மணி நேரம் உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும். முடித்து வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கப் பிழிந்து போட்ட துணிபோலக் கிடப்பார். மறுநாள் எழுந்து உட்காருவார். அதற்கு மறுநாள் திரும்ப மிஷின். குடித்தது வெளியேற வழியில்லாத உடம்பு, அதனால் தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், மாத்திரை விழுங்குவதும் அதில் சேர்த்தி. டெய்லரம்மா ஒரு பாட்டிலில் பேனாவால் நாலு கோடு போட்டு வைத்திருந்தாள். காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒன்று, இப்படி. அவர் பாட்டிலை எடுக்கும் சத்தம் கேட்டாலே தைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்குவாள்.

"குடிக்கல தாயே, கழுத்துல ஒத்திக்கறேன்" என்பார்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நடைமுறை உண்டு. ஒருத்தர் வர முடியாவிட்டால் அன்று காலை ஆறு மணிக்குள் போன் செய்து சொல்லிவிட வேண்டும். சீட்டுக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேர். சொன்னால் அந்த நேரம் வேறு யாருக்காவது போகும். போனை எடுக்கும் நர்ஸ் ஏன் எதற்கு என்றெல்லாம் துருவமாட்டாள். ஒரே கேள்விதான் கேட்பாள்: "இன்னைக்கு மட்டுமா, மொத்தமாவா?" மொத்தமாக என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு எழுந்து போய் அந்தப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டிய பெயர்ச் சீட்டைக் கிழிப்பாள். அந்தக் கேள்வியை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ தடவை டெய்லரம்மா கேட்டிருக்கிறாள். ஆறாம் நம்பர் படுக்கை தங்களுக்குக் கிடைத்ததும் யாரோ ஒருத்தி அப்படிச் சொன்னதால்தான் என்பது அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்தில் அந்தப் போனை அவள் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. காய்ச்சலிலும் மழையிலும், அவளுடைய சொந்த அக்கா செத்த அன்றைக்கும், ஏழு மணிக்கு அவரை அந்தப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவள்.

இந்த வருஷம் எல்லாம் இறங்குமுகம். கையில் ஊசி குத்தும் நரம்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்த டாக்டரிடம், நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல அவர் கேட்டார்:

"மிஷினை நிறுத்திட்டா எத்தனை நாள் டாக்டர்?"

டாக்டர் டெய்லரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒரு வாரம். மிஞ்சிப் போனா பத்து நாள். தூக்கம் தூக்கமா வரும். மூச்சு முட்டினா அதுக்கு மருந்து குடுப்போம். ஆனா ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுட்டு வந்து பேசுங்க."

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன லிஃப்டா, போர்டு மாட்டி நிறுத்தறதுக்கு? என்னை என்னன்னு நெனச்சீங்க?" வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேரில் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டால் என்ன மிச்சம் இருக்கும்? மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார்.

"சரி, விடு. இனிமே அந்தப் பேச்சு எடுக்கல."

எடுக்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவரே ஆரம்பித்தார். "கல்யாணம் ஆன புதுசுல ஒரு தீவுக்குப் போறதா இருந்தோமே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? பெட்டி கட்டி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றபோது கம்பெனி ஆள் ஓடி வந்தான். எங்கேயோ ஏழு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று போனவர் மறுநாள் மதியம் வந்தார். கப்பல் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், அந்த அடுத்த வருஷம் இருபத்தெட்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

"போலாமா? ஒரு வாரம்" என்றார் அவர்.

டெய்லரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் சுற்ற ஆசைப்படுகிற மனுஷன் சாகவா நினைப்பான் என்று நினைத்தாள். ஒரு வாரம் என்ற வார்த்தையை டாக்டர் வாயிலிருந்து கேட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரை அங்குலம் தப்பினாலும் பிரித்துத் தைக்கிறவள் இதைத் தப்பவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன? தாகத்தோடு இருப்பவன் தண்ணீரைச் சோதித்தா குடிக்கிறான்?

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. தங்கும் இடத்தை அவள் தேடித் தேடிப் பிடித்தாள். தரைத்தளத்தில் அறை, வாசலில் இறங்கினால் மணல், இருபது அடியில் கடல்.

"லிஃப்ட் இருக்கானு கேட்டியா?"

"மாடியே இல்லைங்க."

"அப்பாடா. இருந்தா என்னைக் கூப்பிட்டுத் தொலைப்பானுங்க."

கட்டங்கள் நிரம்பின. செவ்வாய், போகிற கப்பல். திங்கள், திரும்பும் கப்பல், அன்றைய மிஷின் மறுநாள் ஊரில். வியாழன், தென்னந்தோப்பு வழியாக வண்டியில் ஒரு சுற்று. சனி, கண்ணாடி அடி வைத்த படகில் மீன் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அவர் சாக்கை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: சும்மா இருப்பது. "அதுக்கு ஒரு கட்டமா?" என்று அவள் சிரித்தாள். "அதுக்குத்தான் போறதே" என்றார்.

புதன், வெள்ளி இரண்டு கட்டத்திலும் அவள் சிவப்பு சாக்கால் மிஷின் என்று எழுதியிருந்தாள். தீவு ஆஸ்பத்திரியில் நாலு மிஷின் இருந்தது. வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே சீட் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அதை நான் பாத்துக்கறேன். எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்காத" என்றார். இரண்டு நாள் கழித்து, "பேசிட்டேன். ரெண்டு நாளும் ஏழு மணி" என்றார்.

"பேப்பர் எல்லாம்?"

"தம்பி குடுத்துட்டான்."

தம்பி என்பது வார்டில் மிஷின் போடும் டெக்னீஷியன். டெய்லரம்மா நிம்மதியாகச் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் ஏழு என்று எழுதினாள்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவரைப் படுக்கையில் விட்டுவிட்டுத் தம்பியைத் தேடிப் போனாள். பழக்க தோஷம்தான்.

"தம்பி, அந்தப் பேப்பரை இன்னொரு காப்பி போட்டுக் குடுங்க. கைப்பையில ஒண்ணு, பெட்டியில ஒண்ணு வெச்சுக்கறேன்."

"எந்தப் பேப்பர்மா?"

"தீவு ஆஸ்பத்திரிக்குப்பா. அவர் போன வாரம் வாங்கினாரே."

தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தான். அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலைப் புரட்டினான். "யாரும் கேக்கலையேம்மா. வேற இடத்துல மிஷின் போடணும்னா கடைசி மூணு தடவை போட்ட விவரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க" என்றான்.

அவள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் வந்தது கோபம். எழுந்து போய் உலுக்கி எழுப்பி, "பக்கத்துல உக்காந்து கட்டம் கட்டமா எழுதினீங்களே, பாவி மனுஷா" என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அதன் பிறகுதான் ஒரு வாரம் என்ற வார்த்தை டாக்டரின் குரலிலேயே அவள் காதில் விழுந்தது. இப்போது அழுகை வந்தது. வாயில் துணியை அழுத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்தாள். டெய்லரம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. தம்பியிடம் இரண்டு காப்பி வாங்கினாள். "நான் கேட்டதா அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள். அங்கேயே நின்று தீவு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவர் பெயரில் அங்கே எந்த சீட்டும் இல்லை. நல்ல வேளையாகப் புதனும் வெள்ளியும் ஏழு மணி காலியாக இருந்தது. தம்பி பேப்பரை அனுப்பினான். "வரலைன்னா ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க, இங்கயும் காத்திட்டு இருக்காங்க" என்றார்கள் அங்கேயும்.

பயணத்தையே நிறுத்தியிருக்கலாம். வீட்டோடு இருந்தால் திங்களும் புதனும் வெள்ளியும் பழையபடி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள் வேறு ஒரு கணக்குப் போட்டாள். கடலைப் பார்க்கட்டும், காற்று வாங்கட்டும். இருபத்தெட்டு வருஷ ஆசை நிறைவேறினால் மனசு மாறும், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று தோன்றும். தோன்றினால் மிஷின் தயாராக இருக்கும். தோன்றாவிட்டால் என்ன என்பதற்கு அவளிடம் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை மிஷின் முடிந்து கிளம்பும்போது, அவர் தன் குட்டி ரேடியோவை ஐந்தாம் நம்பர் படுக்கைக்காரர் கையில் கொடுத்தார். தம்பியின் தோளைத் தட்டினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒரு வாரத்துக்குத்தானே போறோம், ரேடியோவை எதுக்குக் குடுத்தீங்க?"

"அங்கதான் கடல் சத்தம் இருக்குமே."

அன்று அவர் அசந்து படுத்த பிறகு அவள் மிஷின் பையைத் தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். போர்வை, காலுறை, இரண்டு பிஸ்கட், சீப்பு. நாலு வருஷமாக வாரம் மூன்று தடவை அவள் கட்டிய அதே பை.

செவ்வாய் சாயங்காலம் தீவில் இறங்கினார்கள். பேப்பரில் எப்படிப் போட்டாளோ அப்படியே இருந்தது எல்லாம். வாசலில் மணல், இருபது அடியில் கடல். அவர் கால்சட்டையை மடித்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கணுக்கால்வரை தண்ணீரில் நின்றார். ஒரு அலை வந்து முழங்காலை நனைத்தபோது சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை விடிகிற நேரத்தில் கண் விழித்தாள். மணி ஐந்தேகால். பக்கத்துக் கட்டில் காலி. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். அவர் மணலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்ப உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

அவர் பையைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "தம்பி சொல்லிட்டான்" என்றார். "அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணினான். 'அம்மா ரொம்ப அழுதாங்க சார்'னான்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீயும் தெரிஞ்சுதானே வந்தே."

அவள் மணலில் உட்கார்ந்தாள். "ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க? நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நேரா சொன்னேன். ரெண்டு நாள் நீ பேசல." கழுத்துக் குழாயின் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "எனக்கு முடியலம்மா. உன்னை விட்டுப் போகணும்னு இல்ல. அந்தப் படுக்கையில செத்துக் கெடக்கறேன், எழுந்திரிக்கறேன், திரும்பச் செத்துக் கெடக்கறேன். நாலு வருஷம் உனக்காகப் போனேன். பொய் இல்ல, சந்தோஷமாத்தான் போனேன். இப்ப உனக்காகவும் முடியல."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் என்னால எந்த ஏற்பாடும் பண்ண முடியல" என்றார். "இங்கயும் டாக்டர் இருக்காரு. நம்ம டாக்டர் அவருக்கு எல்லாம் எழுதி அனுப்பியிருக்காரு. மூச்சு முட்டினா மருந்து குடுப்பாங்க. அது மட்டும் நான் ஏற்பாடு பண்ணிட்டேன்." பிறகு, "நீ சொன்னா இப்பவும் எழுந்து வர்றேன். சண்டை போடமாட்டேன். நீ சொல்லு" என்றார்.

இதைவிட அவர் சண்டை போட்டிருக்கலாம். பிடிவாதம் பிடித்திருந்தால் அவளும் பிடித்திருப்பாள், அதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவார். அவளுக்காக இன்னும் ஒரு புதன், இன்னும் ஒரு வெள்ளி. அவள் அவர் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாக வீங்கிப்போன இடது கை. எலும்பின் மேல் தோல் மட்டும் போர்த்திய வலது கை. இதையெல்லாம் தினமும்தான் பார்த்தாள். ஆனால் நாலு வருஷமாக, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அளவெடுக்கிற கண்ணோடுதான் பார்த்திருக்கிறாள். அளவெடுக்காமல் பார்த்தது இன்றைக்குத்தான்.

மணி ஐந்து ஐம்பது. அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"ஏழு மணி சீட். பேஷண்டோட சம்சாரம் பேசறேன்" என்றாள். "இன்னைக்கு வரல."

எல்லா ஊர் நர்ஸும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல. தூக்கக் கலக்கத்தில் இருந்த குரல் அதே கேள்வியைக் கேட்டது. "இன்னைக்கு மட்டுமாங்க, மொத்தமாவா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"மொத்தமா" என்றாள் டெய்லரம்மா. "வேற யாருக்காவது குடுத்துடுங்க."

போனை வைத்தாள். பையைத் திறந்து போர்வையை எடுத்து அவர் காலில் போர்த்தினாள். விடியற்காலைக் காற்று கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது. பிறகு அறைக்குள் போனாள். மேஜைமேல் கோடு போட்ட பாட்டில் இருந்தது. அதைத் தொடாமல், அறைக்காரர்கள் வைத்திருந்த பெரிய ஜக்கையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். விளிம்புவரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்தார். முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே டம்ளரைத் திரும்ப நீட்டினார். அவள் ஊற்றினாள்.